அண்ணனுக்கு வராத கண்ணீர் ஜோட்டாவுக்கு ஏன் வந்தது?

வட சென்னையைச் சேர்ந்த 27 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

இவருக்குப் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்தவர் அண்ணன். இருவரும் இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணிக்கு ரசிகர்கள். 4 ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, டர்ஃபில் விளையாடி முடித்த தம்பி போன் செய்ய, அவரைக் கூட்டிவர பைக்கில் கிளம்பிய அண்ணன் லாரி மோதி இறந்துபோனார். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டதால் போலீஸ் ஸ்டேஷன், போஸ்ட்மார்ட்டம், 16ஆம் நாள் காரியம், அண்ணன் வைத்துவிட்டுப் போன கடன் என எல்லாவற்றையும் பார்த்தவர் இவர்தான். "அப்போது அழ நேரமில்லை. பிறகு அழுகை வரவும் இல்லை" என்கிறார்.

2025 ஜூலை 3 அன்று லிவர்பூல் வீரர் டியோகோ ஜோட்டாவும் அவருடைய தம்பி ஆந்த்ரே சில்வாவும் ஸ்பெயினில் கார் விபத்தில் இறந்தார்கள். செய்தியைப் பார்த்ததும் ஆபீஸ் கழிவறைக்குள் போய் அரை மணி நேரம் அழுதிருக்கிறார். 5 மாதமாகியும் அழுகை நிற்கவில்லை. எரிந்த காரின் வீடியோக்களை இரவில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். வாரத்தில் 4 நாள் குடிக்கிறார். விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அண்ணன் இறந்த சிக்னல் பக்கமே போகாமல் தினமும் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறார். நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். அம்மா ஒருநாள், "எவனோ வெள்ளைக்காரன் செத்ததுக்கு இந்த அழுகையா? கூடப் பொறந்தவன் செத்தப்ப ஒரு சொட்டு விடலியேடா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு குறைந்துவிட்டது.

இவர் கேட்பவை: எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? நான் கெட்ட தம்பியா? மாட்ச் பார்ப்பதையே விட்டுவிடட்டுமா? டாக்டரிடம் போனால் ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்விகள் அனைத்துக்கும் வருகிறேன். அதற்கு முன், கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பேசியாக வேண்டும். "அண்ணனும் தம்பியும் ஒன்றாகவே போய்விட்டார்கள். கொடுத்து வைத்தவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நேரில் வந்திருந்தால் உடனே மூன்று கேள்விகள் கேட்டிருப்பேன். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்ததுண்டா? எப்போது, எங்கே என்பது மனதில் இருக்கிறதா? இப்படி வெளிப்படையாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்தது போலாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. உள்ளே இருப்பதைச் சொல்ல வழி கிடைக்கிறது, அவ்வளவுதான்.

முதல் கேள்விக்கு மட்டும் "சில சமயம்" என்பது பதிலானால், இந்த வாரத்துக்குள் ஒருவரிடமாவது அதைச் சொல்லுங்கள், மனநல மருத்துவரையும் பாருங்கள். இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ "ஆமாம்" என்றால் நாளை வரை தள்ள வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம். தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சென்னை சினேகா அமைப்பின் எண் 044-24640050. அன்றிரவு தனி அறையில் படுக்காதீர்கள். பைக் சாவியை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் மதுவையும் தேவைக்கு மேல் இருக்கும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். இந்த எண்ணம் அலை போல ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும் சில மணி நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் இல்லாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றியிருக்கிறது. குடித்திருந்தால் அந்த நேரத்தில் நிதானம் இருக்காது. நீங்கள் குடிக்கும் 4 நாட்களைப் பற்றி நான் கவலைப்படுவதற்கு முதல் காரணம் இதுதான்.

உங்களுக்கு இரண்டு துக்கங்கள் இருக்கின்றன

உங்களுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. ஆனால் உங்கள் நண்பர்களும் அம்மாவும் செய்யும் தவறையே நீங்களும் செய்கிறீர்கள். ஒன்று, ஜோட்டாவுக்கான அழுகை பைத்தியக்காரத்தனம் என்கிறீர்கள். இல்லாவிட்டால், அது உண்மையில் அண்ணனுக்கான அழுகை, ஜோட்டா வெறும் சாக்கு என்கிறீர்கள். இரண்டுமே முழு உண்மை இல்லை.

ஜோட்டாவுக்கான துக்கம் தன்னளவிலேயே உண்மையானது. 2020 செப்டம்பரில் லிவர்பூலுக்கு வந்த அவர் 182 ஆட்டங்களில் 65 கோல் அடித்தார். 5 ஆட்டப் பருவங்கள் உங்கள் வீட்டுக்குள் வந்துபோனவர். அவர் வந்த முதல் ஆண்டில் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பார். 2025 ஏப்ரல் 2 அன்று எவர்ட்டனுக்கு எதிராக ஜோட்டா அடித்த ஒற்றை கோல்தான் லிவர்பூலுக்கு அவர் அடித்த கடைசி கோல். அந்த மாதமே லீக் பட்டம், ஜூனில் அவருடைய நாடான போர்ச்சுகலுக்கு நேஷன்ஸ் லீக் கோப்பை, ஜூன் 22 அன்று திருமணம். 11ஆம் நாள் அவர் இல்லை. வயது 28. மூன்று சிறு குழந்தைகள். வாழ்க்கை இவ்வளவு நிறைந்து நின்ற நேரத்தில் அறுந்துபோனதைக் கண்டு, ஏறக்குறைய அதே வயதில் இருக்கும் ஒருவர் கலங்காமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இந்தத் துக்கத்துக்கு நம் ஊரில் சடங்கு கிடையாது. யாரும் உங்களிடம் துக்கம் விசாரிக்க வரமாட்டார்கள். எடுப்பு இல்லை, காரியம் இல்லை, ஆபீஸில் லீவும் இல்லை. மற்றவர்கள் ஒப்புக்கொள்ளாத துக்கம் ஆறத் தாமதமாகும் என்பதை மனநலத் துறையில் இருப்பவர்கள் நன்றாக அறிவோம்.

இரண்டாவது, அண்ணனுக்கான துக்கம். ஒரு சாவு வீட்டில் யார் அழுகிறார்களோ அவர்களைச் சுற்றித்தான் கூட்டம் உட்காரும். ஐஸ் பெட்டிக்குச் சொல்வது, சர்டிஃபிகேட் வாங்குவது, பந்தல்காரருக்குக் காசு கொடுப்பது என்று ஓடுகிறவனிடம் "நீ எப்படிப்பா இருக்கே?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் "நீதான் அம்மாவைப் பார்த்துக்கணும், நீ உடைஞ்சிடக் கூடாது" என்றுதான் முடிப்பார்கள். 23 வயதில் அந்தச் சொல்லைக் காப்பாற்றினீர்கள். அன்று அழாமல் இருந்தது அன்பு குறைந்ததால் அல்ல, பொறுப்பு கூடியதால். உடல் அன்று ஒத்திப்போட்டதை, சாலையில் ஒரே இரவில் ஒரு அண்ணனும் தம்பியும் போன செய்தி வந்த நாளில் வெளியே விட்டுவிட்டது. கெட்ட தம்பியா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

இணையத்தில் படித்துவிட்டு, துக்கத்தின் ஐந்து கட்டங்களில் நான்காவதில் சிக்கிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்து கட்டங்கள் 1969இல் முன்வைக்கப்பட்டவை. இறக்கும் நிலையில் இருந்த நோயாளிகளிடம் பேசித் திரட்டியவை. பறிகொடுத்தவர்கள் ஒவ்வொரு படியாக ஏறி இறங்க வேண்டிய வரிசை அல்ல அது. இன்று நாங்கள் கவனிப்பது வேறொன்றை. துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரமும் அன்றாட வாழ்க்கையின் பக்கம் கொஞ்ச நேரமுமாக மாறி மாறிப் போய்வர வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் அங்கேயே தங்கிவிட்டால்தான் சிக்கல். நீங்கள் 4 ஆண்டுகள் அன்றாடத்தின் பக்கமே தங்கிவிட்டீர்கள். இப்போது 5 மாதமாக இழப்பின் பக்கமே இருக்கிறீர்கள்.

இப்படி மாறி மாறிப் போய்வருவதை லிவர்பூல்காரர்கள் எப்படி அமைத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 பேரைப் பறிகொடுத்த ஊர் அது. சேர்ந்து துக்கப்படுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். 2025 ஜூலை 5, போர்ச்சுகலின் கோண்டோமார் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்குக்கு லிவர்பூல் கேப்டன் வான் டைக், ஜோட்டாவின் சட்டை எண்ணான 20ஐத் தாங்கிய மலர் வளையத்துடன் வந்தார். லிவர்பூலில் ஜோட்டாவோடு ஆடிய ராபர்ட்சன் கையில் இருந்த வளையத்தில் 30 என்று இருந்தது. அது பெனாஃபியல் அணியில் தம்பி ஆந்த்ரே அணிந்த எண். உலகம் பெரும்பாலும் ஜோட்டாவைப் பற்றியே பேசிய வாரத்தில், கூடவே போன உடன்பிறப்பை அவர்கள் மறக்கவில்லை. 20ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று கிளப் அறிவித்தது. பருவம் தொடங்கிய பின் ஆட்டத்தின் 20ஆம் நிமிடத்தில் ரசிகர்கள் ஜோட்டாவுக்கான பாட்டைப் பாடினார்கள். பாட்டு நடக்கும்போது பந்தும் ஓடிக்கொண்டிருந்தது. பாடி முடித்து மீண்டும் ஆட்டத்தைப் பார்த்தார்கள். டிவியை அணைத்துவிடுவதாக நீங்கள் எழுதியிருப்பது சரியாக அந்த நிமிடத்தில்தான்.

நான்கரை மாதம் கழித்து, நவம்பர் 18 அன்று டென்மார்க்கை வென்று ஸ்காட்லாந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அந்த இரவில் ராபர்ட்சன் ஜோட்டாவின் நினைவில்தான் உடைந்துபோயிருந்ததாகச் சொன்னார். உலகக் கோப்பைக்குப் போவது பற்றி இருவரும் அடிக்கடி பேசிக்கொள்வார்களாம். 2022இல் ஜோட்டா காயத்தால் போகவில்லை, ஸ்காட்லாந்து தகுதி பெறவில்லை. ராபர்ட்சன் ஸ்காட்லாந்து அணியின் கேப்டன், பலரும் பார்க்கும் மகிழ்ச்சியான நேரம், அப்போதும் துக்கம் வந்தது. வந்ததைச் சொன்னார். உங்களைக் கிண்டல் செய்யும் நண்பர்களுக்கு அந்தப் பேட்டியைக் காட்டலாம்.

"நான் போன் செய்யாமல் இருந்திருந்தால்"

கடிதம் முழுக்க எங்கும் நேரடியாக இல்லாமல் எல்லா இடத்திலும் இருப்பது இந்த வாக்கியம்தான். ஜோட்டா ஏன் காரில் போனார் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். நுரையீரலில் சிறு அறுவை சிகிச்சை நடந்திருந்ததால் விமானத்தில் போக வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்ததாகச் செய்திகள் கூறின. அதனால் சான்டான்டேர் வரை காரில் போய் அங்கிருந்து கப்பலில் இங்கிலாந்து போகத் திட்டம். ஸமோரா மாகாணத்தில் ஏ-52 நெடுஞ்சாலையில், இன்னொரு வண்டியை முந்தும்போது டயர் வெடித்திருக்கலாம் என்று போலீஸ் தரப்பில் முதலில் சொல்லப்பட்டது. காரில் போகும் முடிவு பாதுகாப்பு கருதி எடுத்தது. அந்த மருத்துவர்கள் கொன்றார்கள் என்று நீங்கள் சொல்வீர்களா?

தம்பி கூப்பிட்டான், அண்ணன் கிளம்பினார். அதற்கு முன் எத்தனை முறை அப்படிக் கூப்பிட்டு எத்தனை முறை இருவரும் பத்திரமாக வீடு வந்தீர்கள்? விபத்துக்கு முன் உங்களிடம் இருந்த தகவல் அவ்வளவுதான். முடிவு தெரிந்த பிறகு பின்னோக்கிப் பார்க்கும் மனம், அன்றே அது தெரிந்திருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். இன்னொன்றும் உண்டு. "என்னால்தான்" என்று நம்புவது வலித்தாலும், நடந்தது யார் கையிலும் இல்லை என்று ஒப்புக்கொள்வதைவிட மனதுக்கு அது சுலபம். அதனால் தர்க்கம் பேசி இந்தக் குற்ற உணர்வை ஒரே நாளில் துரத்த முடியாது. கீழே சொல்லும் எழுத்துப் பயிற்சி அதற்குத்தான்.

இந்த வாரமே தொடங்க வேண்டியவை

முதலில் அந்த வீடியோக்கள். அண்ணனுக்கு நடந்த விபத்தை நீங்கள் பார்க்கவில்லை, பார்த்தது உடலைத்தான். பார்க்காத அந்தச் சில நொடிகளை வேறொருவருடைய எரிந்த காரை வைத்து மனம் நிரப்பப் பார்க்கிறது. அதனால் எத்தனை முறை பார்த்தாலும் தேடும் பதில் அதில் கிடைக்காது. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த ஆய்வு ஒன்றில், தினமும் 6 மணி நேரத்துக்கு மேல் அது பற்றிய செய்தியிலும் காட்சியிலும் மூழ்கியவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடக் கடுமையான மன அழுத்த அறிகுறிகள் தெரிந்தன. ஆகவே யூடியூபில் பார்த்தவை பட்டியலை முழுதும் அழியுங்கள். அதை வைத்துத்தான் அடுத்த வீடியோவை அது நீட்டுகிறது. ஆட்டோப்ளேவை நிறுத்துங்கள். மற்ற செயலிகளில் விபத்து தொடர்பான சொற்களை மியூட் செய்து, அப்படியும் வருகிறவற்றுக்கு 'ஆர்வமில்லை' என்று கொடுங்கள். ஒரு வாரத்தில் வரத்து குறையும். கோல்களைப் பாருங்கள், அதற்குத் தடையில்லை.

அடுத்து குடியும் தூக்கமும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. மது முதல் சில மணி நேரம் தூங்க வைக்கும். உடல் அதைக் கரைத்து முடிக்கும்போது தூக்கம் கலையும். உங்கள் 3 மணி விழிப்புக்கு அது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம். நிறுத்தும் முன் ஒன்றைக் கவனியுங்கள். குடிக்காத நாள் காலையில் கை நடுக்கமோ வியர்வையோ படபடப்போ இருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வர வாய்ப்புண்டு. டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் இன்றே நிறுத்தலாம். முதல் வாரம் தூக்கம் இன்னும் மோசமாகலாம், அதைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடாதீர்கள். எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். விழித்து 20 நிமிடத்துக்கு மேல் புரண்டால் எழுந்து ஹாலில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். போன் இரவில் படுக்கும் அறையில் வேண்டாம்.

மூன்றாவது, அழுகைக்கு நேரம் ஒதுக்குவது. வாரம் 3 நாள், மாலையில் 20 நிமிடம், ஒரு நோட்டு. "அண்ணா" என்று தொடங்கி அவருக்கே எழுதுங்கள். முதல் வாரம் அன்றைய நாளில் நடந்ததை, போன் செய்ததிலிருந்து வரிசையாக. இரண்டாம் வாரம் அவரிடம் சொல்லாமல் விட்டதை, அந்தப் போன் அழைப்பு உட்பட. மூன்றாம் வாரம் பேனாவை அவர் கையில் கொடுங்கள், இதையெல்லாம் படித்தால் உங்களுக்கு என்ன பதில் சொல்வாரோ அதை அவர் பேச்சிலேயே எழுதுங்கள். குற்ற உணர்வு பெரும்பாலும் இளகுவது இந்த மூன்றாம் கட்டத்தில்தான். ஆகவே அவசரப்பட்டு அதிலிருந்து தொடங்காதீர்கள். நேரம் முடிந்ததும் முகம் கழுவி, யாராவது இருக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். இது கெட்டுப்போவது மூன்று விதத்தில்: படுக்கையில் வைத்து எழுதுவது, குடித்துவிட்டு எழுதுவது, 20 நிமிடத்தை 2 மணி நேரமாக இழுப்பது. ஜோட்டாவைப் பற்றி எழுதத் தோன்றினால் அதே நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

நான்காவது அந்த சிக்னல். சுற்றிக்கொண்டு போகும் ஒவ்வொரு நாளும் அந்த இடம் ஆபத்தானது என்று மனதுக்கு நீங்களே உறுதி செய்கிறீர்கள். திரும்பப் போக வேண்டும், ஆனால் படிப்படியாக. முதல் படி, பகலில் ஒரு நண்பருடன் ஆட்டோவில் அதைக் கடப்பது. அடுத்தது, இறங்கிச் சாலையோரம் 15 நிமிடம் நிற்பது. பிறகு பகலில் உங்கள் பைக்கில். கடைசியாக இரவில். ஒவ்வொரு படியிலும் பயத்துக்கு 10க்கு எவ்வளவு என்று மதிப்பெண் போடுங்கள். அது பாதியாகக் குறையும்வரை அதே படியை வெவ்வேறு நாட்களில் திரும்பச் செய்யுங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பி ஓடிவருவதுதான் வழக்கமான தவறு. ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்ளும். ஒரு முக்கியமான எச்சரிக்கை: விபத்து கண்முன் இப்போது நடப்பது போலக் காட்சி வந்தாலோ, உடல் மரத்து நினைவு தப்புவது போல இருந்தாலோ, இந்தப் பயிற்சியைத் தனியாகச் செய்யாதீர்கள். சிகிச்சையாளரோடு மட்டும் செய்யுங்கள்.

அம்மாவிடம்

அம்மா சொன்னது கொடுமையான வார்த்தை. ஆனால் அதை நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். தன் மூத்த பிள்ளைக்காக இந்த வீட்டில் தான் மட்டுமே அழுததாக 4 ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாயின் கோபம் அது. அவர் கேட்டது ஜோட்டாவைப் பற்றி அல்ல, "நீயும் என்னோடு சேர்ந்து அழமாட்டாயா" என்றுதான். நீங்கள் அவருக்காக அழாமல் இருந்தீர்கள், அவர் அதைக் கல்நெஞ்சு என்று எடுத்துக்கொண்டார்.

சண்டை நடக்கும்போதோ குடித்திருக்கும்போதோ இதைப் பேச வேண்டாம். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, அண்ணனின் லிவர்பூல் சட்டை பீரோவில் இருந்தால் அதை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். "அம்மா, அன்னிக்கு நான் அழுதா நீ தாங்கமாட்டேன்னு அழல. இப்ப அடக்க முடியல. அந்தப் பையனும் தம்பியோட போயிட்டான், அதான்." இவ்வளவு போதும். விளக்கம் நீள நீள அது வாக்குவாதமாகிவிடும். அம்மா உடனே கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். எழுந்து சமையலறைக்குப் போய்விடவும் கூடும். அடுத்த திதிக்கு இன்னும் சில வாரங்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை ஏற்பாடு செய்யும் வேலையை மாமாவிடம் விட்டுவிட்டு, நீங்கள் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். போன் செய்த விஷயம் அம்மாவுக்குத் தெரியாது என்றால் அதை இப்போது உடைக்க வேண்டாம். முதலில் சிகிச்சையாளரிடம் பேசிவிட்டு முடிவெடுக்கலாம்.

டாக்டரிடம் போவதும் ஆபீஸும்

போக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலின் வரையறைப்படி, இறந்தவருக்கான ஏக்கமோ அவரைப் பற்றிய நினைப்போ 6 மாதத்துக்கு மேல் விடாமல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் அது நீடித்த துக்கக் கோளாறு. அமெரிக்க வரையறை பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. உங்களுக்கு அது இருக்கிறதா, விபத்தின் பின்னான மனக்காயமா, மனச்சோர்வா, இவற்றில் இரண்டு சேர்ந்ததா என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. நேரில் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும், ஏனென்றால் சிகிச்சை மாறும். நீடித்த துக்கத்துக்கென்றே சுமார் 16 அமர்வுகள் கொண்ட பேச்சு சிகிச்சை இருக்கிறது. மாத்திரை அந்த ஏக்கத்தை எடுத்துவிடாது. கூடவே மனச்சோர்வு இருந்தால் அதைக் குறைக்கும். "மாத்திரை கொடுத்து அண்ணனை மறக்கடித்துவிடுவார்கள்" என்ற உங்கள் பயத்துக்கு இடமே இல்லை.

உங்கள் பகுதியிலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் பக்கம். இரண்டிலும் புறநோயாளியாகக் காலையில் பார்க்கலாம்.

ஆபீஸ் பற்றி: 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு உங்கள் நோய், சிகிச்சை பற்றிய தகவலை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. உங்கள் முதலாளிக்கு மருத்துவமனை தானாகச் சொல்ல முடியாது. நடைமுறையில் தகவல் கசிவது வேறு வழியில்: லீவுக்குக் கொடுக்கும் சான்றிதழ், கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் போடும் பில். கவலையாக இருந்தால் முதல் சில முறை சொந்த லீவில், காப்பீடு இல்லாமல் அரசு மருத்துவமனையில் பாருங்கள். காப்பீட்டைப் பயன்படுத்த விரும்பினால், உடல்நோய்க்கு இருப்பது போலவே மனநோய்க்கும் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 21(4) பிரிவு.

மாட்ச் பார்ப்பதை விட வேண்டாம். அண்ணன் உங்களிடம் விட்டுப்போனவற்றில் இப்போதும் உயிரோடு இருப்பது அதுதான். ஆனால் எல்லா ஆட்டமும் வேண்டாம். இந்தக் குளிர்காலத்தில் அங்கே பிற்பகல் 3 மணி ஆட்டம் நமக்கு இரவு 8:30, இரவு 8 மணி ஆட்டம் நமக்கு 1:30. தூக்கம் சரியாகும்வரை இரண்டாவது வகையை விட்டுவிட்டு மறுநாள் ஹைலைட்ஸ் பாருங்கள். 8:30 ஆட்டத்தைத் தனியாகப் பார்க்காமல், கிண்டல் செய்யாத ஒரே ஒரு நண்பரைக் கூப்பிடுங்கள். 20ஆம் நிமிடம் வரும் என்று முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். டிவியை அணைக்காதீர்கள். அழுகை வந்தால் வரட்டும், 21ஆம் நிமிடத்துக்குத் திரும்பி வாருங்கள்.

அரசு மருத்துவமனையில் கூட்டம் அதிகம், முதல் நாள் டாக்டரிடம் சில நிமிடங்களே கிடைக்கலாம். அதனால் ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக்கொண்டு போங்கள்: அண்ணன் இறந்த தேதியும் விதமும், ஜூலையிலிருந்து தூக்கம் எத்தனை மணி நேரம், வாரம் எத்தனை நாள், எவ்வளவு குடி, எந்த இடத்தைத் தவிர்க்கிறீர்கள், அந்த "கொடுத்து வைத்தவர்கள்" என்ற எண்ணம் எத்தனை முறை வருகிறது. கடைசி வரியை வாயால் சொல்லத் தயக்கமாக இருந்தால் தாளை அப்படியே நீட்டிவிடுங்கள்.